மானிட்டரிங்: 'கண்காணிப்பு' வேண்டாம், வேறு சொல்?

பா.:
வணக்கம். திங்கள் காலை இதழியல் வகுப்பு, அதற்குள் ஒரு சொல் வேண்டும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் (தென்னாப்பிரிக்க நாடுகள் என்றால் பிள்ளைகள் ஒரே நாடு என்று நினைக்கிறார்கள்) பத்திரிகைகள் மீதான அத்துமீறல்களை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து ஆராய்வது பற்றிய பாடம். பத்திரிகைச் சுதந்திரத்துக்கான 1991 விண்ட்ஹோக் பிரகடனம், மறு ஆண்டு அந்த நாடுகளின் ஊடகச் சுதந்திரத்துக்காகத் தொடங்கிய மிசா (MISA) அமைப்பு, அப்புறம் ஜிம்பாப்வே. 'ஊடகக் கண்காணிப்பு' என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள், "ஊடகத்தைக் கண்காணிக்கிறது அரசாங்கம்தானே மேடம்?"

ஞா.:
அக்கா, அதைவிட வம்பு 'மிசா'. நம்மூரில் அது நெருக்கடிநிலையில் ஆளைத் தூக்கி உள்ளே வைத்த சட்டம். ஒரு வரி விளக்கம் போட்டுவிடுங்கள். கண்காணிப்பு எனக்கும் பிடிக்கவில்லை, தோட்டத்துக் கங்காணிதான் கண்முன் வருகிறார்.

இல.:
சொல்லின் மேல் பழியில்லை, கண்ணால் காண்பதுதான். குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம், அடுத்தது ஒற்றாடல். முன்னது இரக்கம், பின்னது வேவு, இரண்டும் பார்வைதான். இன்று கண்ணோட்டம் வெறும் 'கருத்து' என்று தேய்ந்துவிட்டதால் அதை மீட்க முடியாது. 'மீறற்பதிவு' என்க. மீறல்+பதிவு, லகரம் றகரமாகும்.

செ.:
ஐயா, பால்குடம் எடுக்கிறவர்களிடம் போய்ப் பாற்குடம் என்று சொல்லிப் பாருங்கள்! வகுப்பில் அச்சுப்பிழை என்பார்கள். அதுகிடக்க, யார் எதை மீறியது? 2002இல் ஜிம்பாப்வே கொண்டுவந்த சட்டத்தின்படி ஒவ்வொரு பத்திரிகை நிறுவனமும் அரசின் ஊடக ஆணையத்தில் பதிய வேண்டியிருந்தது. டெய்லி நியூஸ் நாளிதழ் பதியவில்லை, 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதமாக நடக்கிறது என்றது, போலீஸ் வந்து மூடியது. அரசைக் கேட்டால் மீறியது பத்திரிகை. அந்தப் பத்திரிகையின் அச்சு இயந்திரத்தைத்தான் 2001 ஜனவரியில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், அதைச் செய்தவர்கள் எதை மீறினார்கள் என்று எந்தச் சொல்லும் சொல்வதில்லை. 'உரிமைமீறல்' என்று முழுசாகச் சொன்னால்தான் சரி.

பா.:
மொசாம்பிக்கில் வங்கி மோசடியைத் துருவிய பத்திரிகையாளர் கார்லோஸ் கார்டோசோவை 2000 நவம்பரில் மாபுடோ தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அதையும் 'மீறல்' என்று எழுதக் கை வரவில்லை.

இல.:
அப்படியானால் 'ஊறு'. தீங்கு என்று பொருள், ஐம்புலத்தில் தொடுஉணர்வும் அதுவே. சுவை ஒளி ஊறு ஓசை...

செ.:
ஊறுகாய் என்பார்கள் ஐயா.

ஞா.:
ஒன்று யோசித்தீர்களா? 'பதிவு' என்றால் ரிஜிஸ்ட்ரேஷனும்தான். பதியாததற்காக மூடிய பத்திரிகையின் கதையை 'மீறல் பதிவு' என்ற தலைப்பில் நடத்தப் போகிறோம். கண்காணிப்பில் இருந்த அதே கோளாறு.

பா.:
ஞாயிறு இரவு பதினொன்றரை. 'உரிமைமீறல் பதிவும் ஆய்வும்' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள்.

இல.:
அங்கேயும் 'உரிமைமீறற்பதிவு' என்றுதான் வரவேண்டும். என் மறுப்பையாவது பதிந்துவைக்கவும்.