பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டர்: த்ராட்டில் தண்டுக்கு புஷ் போட வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர வீட்டிலேயே வேலை பார்க்கிறேன். 1089 சிசி இன்ஜின், சோலெக்ஸ் கார்புரேட்டர். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டி. கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாக அடியில் ஒட்டிக் கிடந்தது.

ஜெட்டுகளை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகுகள்) கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தேன். கம்பி விட்டுக் குத்தவில்லை. துளை பெரிதானால் பெட்ரோல்-காற்றுக் கலவையே மாறிவிடும். கேஸ்கெட், ஊசி வால்வு எல்லாம் புதிது. மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்ததில் ஒரு குமிழிகூட வரவில்லை.

இப்போது வண்டி நன்றாக இழுக்கிறது, ஆனால் ஐட்லிங்கில் அணைந்துவிடுகிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது. காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் த்ராட்டில் தண்டின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சற்று நேரம் சீராகிறது. விரலால் அசைத்தாலே தண்டு ஆடுகிறது. அப்புறம் சந்தேகமே இல்லை, அந்த வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது.

கார்புரேட்டர் உடலில் தண்டு போகும் துளையைக் குடைந்து பித்தளை புஷ் (தண்டு ஆடாமல் பிடிக்கும் சிறு குழாய்) போட வேண்டும். கை டிரில்லில் செய்ய எனக்கு மனசில்லை. இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் தகடு இறுகிவிடும். கோவைப் பக்கம் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து தரும் லேத் பட்டறை தெரியுமா? தகட்டின் திருகுகளை முனை நசுக்கி விட்டிருக்கிறார்கள், அவற்றை உடையாமல் கழற்றுவது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.