ப்ளஸ் டூ காலத்தில் எதிர்ப்பட்ட ஆட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பள்ளிபாளையத்தான்:

மே மாதம் வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் நலம் விசாரிப்பதே "கட்-ஆஃப் எத்தனைங்?" என்றுதான். இந்த வருடம் அக்கா பையன் எழுதியிருக்கிறான். அவனுக்கு ஏதாவது உதவுமா என்று என் பழைய தகரப் பெட்டியைக் குடைந்தபோது ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் கிடைத்தது. நடுவில் ஒரே ஒரு பாடம் மட்டும் கை பட்டு அழுக்காகியிருந்தது. மற்றதெல்லாம் கடையில் வாங்கின மேனிக்கு அப்படியே.

2006-ல் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அப்பா தறி ஓட்டுகிறவர், முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் பீஸ் கட்டினார். அந்தப் பக்கத்துப் பள்ளிகளையே ஊரில் கோழிப்பண்ணை என்பார்கள். முட்டைக்கும் பேர், மார்க்குக்கும் பேர். காலை நாலரைக்கு விசில், ராத்திரி பத்தரைக்கு விளக்கணைப்பு. ஜூன் மாதம் முதல் வாரமே ப்ளஸ் டூ பாடத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது, கட்-ஆஃபுக்கும் அந்த மார்க் சேராது. அப்புறம் அந்தப் புத்தகம் எதற்கு?

இயற்பியலுக்கு ஒரு சார் இருந்தார். அரவக்குறிச்சிப் பக்கத்துக்காரர், அப்போது அவருக்கே இருபத்தாறு வயதுதான் இருக்கும். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்க வருவார்கள். வேப்பமரத்தடியில் டிபன் கேரியர் விரித்துக் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, அம்மாக்கள் அழுதபடி பஸ் ஏறியதும் எங்களுக்கு ஒரு மணி நேரம் சும்மா விடுவார்கள். அந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, "ப்ளஸ் ஒன் புக்க எடுத்துட்டு வாங்கடா" என்பார்.

என் பக்கத்தில் இருந்தவன் திருச்செங்கோட்டுக்காரன், அவன் அப்பா போர் போடுகிற ரிக் லாரியில் வேலை. சார் அவனிடம் கேட்டார்: "நட்டு இறுகிப் போச்சுன்னா உங்கப்பா என்னடா பண்ணுவாரு?"

"ஸ்பேனர் பிடில ஒரு நீளப் பைப்பச் சொருகித் திருப்புவாருங் சார்."

"ஏன் பைப்பு? கையில பலமில்லையா?"

அவன் முழித்தான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் சுழல் இயக்கம். திருப்புவிசை என்றால் என்ன என்று அதற்கப்புறம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தீபாவளி லீவு முடிந்து வந்தபோது சார் இல்லை. போர்ஷன் முடிக்காமல் வேண்டாததை நடத்தினார் என்று அனுப்பிவிட்டார்களாம்.

2008-ல் என் கட்-ஆஃப் 186.5. எங்கள் அண்ணன் செட் 2006-ல் நுழைவுத்தேர்வு எழுதி 300-க்குக் கணக்குப் போட்டது. மறுவருடம் அதை எடுத்துவிட்டதால் எங்களுக்குக் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக 200-தான். நானும் அப்பாவும் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போய், அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் பெரிய திரையில் சீட்டு ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2018 முதல் அதுவும் ஆன்லைனாகிவிட்டது. கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் கிடைத்தது. முதல் வருடமே என் ஹாஸ்டல் செட்டில் பாதிப் பேருக்கு அரியர். எனக்கும் இரண்டு. மெக்கானிக்ஸ் மட்டும் தப்பித்தது.

2015-ல் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். டிஆர்பி என்கிற ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி அரசுப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார். என்ன வேலை, என்ன சம்பளம் என்று எதுவும் கேட்கவில்லை. "மெக்கானிக்ஸ்ல எத்தன?" என்றார். எழுபத்தெட்டு என்றேன். பைப்பு கதையை அவர் மறந்தே போயிருந்தார்.

2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்பது சரிதான். ஆனால் அந்தப் புத்தகம் மறுபடி தகரப் பெட்டிக்குள் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. சரி, நீங்கள் பார்த்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

மலைப்பள்ளி டீச்சர்:

நான் வாத்தியார் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கடம்பூர் மலையில் சில வருடம் வேலை பார்த்தேன். நீட் எழுதிய ஒரு பெண்ணின் அப்பா சான்றிதழ் வாங்க வந்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது எல்லோருக்கும் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகளின் பள்ளி விவரமெல்லாம் இருக்கும் அரசின் எமிஸ் கணினிப் பதிவில் அவள் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன், ஆறாம் வகுப்புக்கு நேராகக் கீழே சத்தியமங்கலத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி. ஒரே ஒரு வருடம்.

"நல்லாப் படிக்குதேன்னு ரெண்டு ஆட்ட வித்துச் சேத்துனனுங் டீச்சர். அடுத்த வருசம் கட்ட முடியல, இங்கயே கூட்டிட்டு வந்துட்டனுங்."

நான் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை, அவருக்குப் படிக்கத் தெரியாது. கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே ஆறு முதல் பன்னிரண்டு வரை விதிதான். அதையும் சொல்லவேண்டியிருந்தது. பாசத்தில் செய்த ஒரு வருடச் செலவு இரண்டு கதவைச் சாத்திவிட்டது.

கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மார்க்கே போதும் என்று விண்ணப்பம் போடச் சொன்னோம். இப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றுகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால் இந்த விதியை ஒருமுறை விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

சங்ககிரி லாரி:

எனக்கு யாரும் எதிர்ப்படவில்லை, கணக்கு பேப்பர்தான் எதிர்ப்பட்டது. பெயில். துணைத்தேர்வு எழுதிப் பாஸாகி, பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தேன். டிப்ளமோ முடித்ததும் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் வருடம். ரெண்டும் மூணும் ஐந்து. ஒழுங்காகப் பாஸான பங்காளி நாலு வருடத்தில் முடித்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கு எங்கள் வீட்டில் எழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

சத்தி கணக்கு வாத்தியார்:

நான் 1998-ல் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ. டியூஷனுக்குக் காசு கிடையாது. பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமில் ஓர் அண்ணன் இருந்தார், அங்கே எல்லோரும் அவரை அண்ணை என்பார்கள். பெயிண்ட் அடிக்கிற வேலை. எங்கள் பள்ளிச் சுவருக்கு அடிக்க வந்தவர், திண்ணையில் நான் திணறிக்கொண்டிருந்த கணக்கை எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தக் குறி பிழை" என்றார். கையில் பிரஷ் அப்படியே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம், அதாவது நம் ப்ளஸ் டூ மாதிரி, கணிதப் பிரிவு முடித்தவர். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்று நாலு பாடம் சொல்வார். நம் ஊரில் அப்போது ஆறு பாடம், 1200 மார்க். அதைச் சொன்னால் சிரிப்பார். அவர்களுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, எஸ் என்று ஓர் எழுத்து வரும். 'ரிசல்ட்' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'பெறுபேறு' என்பார். எழுபதுகளில் தரப்படுத்தல் என்று ஒன்று வந்து, சிங்கள மாணவரைவிடத் தமிழ் மாணவர் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம் என்றானதை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். அதற்கப்புறம் மாவட்ட ஒதுக்கீடு. அவருக்குப் பெறுபேறு நன்றாகத்தான் வந்தது. பேராதனையில் பொறியியல் எடுக்க நினைத்திருந்தார். 1990-ல் படகேறி வந்துவிட்டார்.

கணக்குச் சொல்லித்தருவதில் எந்தச் சிக்கலும் இல்லை. வார்த்தையில்தான் சிக்கல். நாம் முடுக்கம் என்பது அவருக்கு ஆர்முடுகல். நம் வேதியியல் அவருக்கு இரசாயனவியல். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. 'நிறை' என்று வந்தால் சண்டையே வரும். நமக்கு நிறை வேறு, எடை வேறு. அவர்கள் ஊரில் நம் நிறைக்குப் பெயர் திணிவு, நம் எடைக்குப் பெயர் நிறை. ஒரு சாயங்காலம் முழுக்க நான் எடை கண்டுபிடிக்கப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆல் பெருக்க, அவர் ஏன் பெருக்குகிறாய் என்று கேட்க, இருட்டியபிறகுதான் இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. பொதுத்தேர்வில் ஓரிடத்தில் 'ஆர்முடுகல்' என்று எழுதிவிட்டு, பயந்துபோய் அடித்துவிட்டு 'முடுக்கம்' என்று எழுதினேன். மார்க் போட்டார்கள்.

கணக்கில் 200-க்கு 187. பி.எஸ்.சி. கணிதம், அப்புறம் பி.எட்., இப்போது இந்த வேலை.

பள்ளிபாளையத்தான்:

வாத்தியாரே, அண்ணை இப்போது எப்படி இருக்கிறார்?

சத்தி கணக்கு வாத்தியார்:

முகாமில்தான் இருக்கிறார். மகள் கோபியில் பி.காம். முடித்துவிட்டாள். போன தைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தார், கூலி வாங்க மாட்டேன் என்றவரிடம் சண்டை போட்டுத்தான் கொடுத்தேன். என் பையன் ப்ளஸ் ஒன். இயற்பியல் நோட்டை நீட்டி ஏதோ கேட்டிருக்கிறான். உள்ளேயிருந்து ஓடி வந்து, "அப்பா, திணிவுன்னா என்னங்ப்பா?" என்றான்.