வேப்பமரத்தில் தொங்கிப் பார்த்த முடிச்சுகள்

போன மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்துப் பக்கத்துக் கிணற்றில் ஒரு பெரியவர் தவறி விழுந்துவிட்டார். ஆழம் 40 அடி இருக்கும், தண்ணீர் இடுப்பளவுதான். மோட்டார் இறக்கும் நைலான் கயிற்றை விட்டு, இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று கத்தினோம், அவரும் கட்டினார். பத்தடி தூக்கியிருப்போம், கயிறு இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறி அக்குளில் இறுகி, மூச்சு முட்டுகிறது என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார் பாருங்கள், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்படியே உருவிக்கொண்டு விழுந்திருப்பார். "கையை இறக்குங்க ஐயா" என்று ஐந்து பேரும் அலறி, மெல்லத் திரும்ப இறக்கினோம். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்து கயிற்று வலையில் ஏற்றினார்கள். அவர் கட்டியிருந்தது சுருக்கு, பாரம் ஏற ஏற இறுகுகிற வகை.

அதற்கப்புறம் மலையேறப் போகும் நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வேப்பங்கிளையில் கயிறு போட்டு, கால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும்படி ஒவ்வொரு கட்டாகத் தொங்கிப் பார்த்தோம். முதலில் போலைன் (bowline), கயிற்று முனையில் ஒரு கண்ணி போடும் கட்டு. கண்ணி இறுகாது, நல்ல முடிச்சுதான். ஆனால் வழுக்கும் புதுக் கயிற்றில் கட்டி, பாரமில்லாமல் சும்மா உதறிக்கொண்டே இருந்தால் ஒரு சாண் வால் இரண்டு விரல்கடையாகிவிடுகிறது. மிச்ச வாலால் ஒரு காவல் முடிச்சு போட்ட பிறகு நின்றது. 8 வடிவில் பின்னும் எட்டு முடிச்சை எவ்வளவு உதறியும் அசையவில்லை (அவிழ்க்கும்போது என் நகம் பெயர்ந்தது, அது வேறு கதை). எட்டு முடிச்சு போட்டால் கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மிஞ்சும் என்பார்கள். மீட்புக்கு வைத்திருக்கும் 11 மி.மீ. கயிறு இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும், அதனால் பலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆள் மயங்கித் துவண்டால் கட்டுக்குள் இருப்பாரா என்பதுதான் என் கேள்வி.

அதற்காகவே தொடை இரண்டையும் சுற்றி இடுப்பில் முடியும் கயிற்று இருக்கையில் உட்கார்ந்து, உடம்பைத் தளரவிட்டேன். உடனே பின்பக்கமாகச் சாய்ந்து தலை கீழே போய்விட்டது! மார்பைச் சுற்றி இன்னொரு பட்டை போட்டு அதை இடுப்புக் கட்டோடு இணைத்த பிறகுதான் நேராக நின்றேன். ஐந்து நிமிடத்தில் தொடை மரத்துவிட்டது.

*

தம்பி, நீங்கள் வேப்பமரத்தில் தொங்கிப் பார்த்ததைப் படித்தேன். நான் தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பயிற்சியில் இதற்கென்றே நாற்காலி முடிச்சு உண்டு. கயிற்றின் நடுவில் இரண்டு கண்ணி, சிறியது அக்குளுக்கு, பெரியது முழங்காலுக்குப் பின்னால். ஒரு முனையை மேலே இழுப்போம், இன்னொரு முனையைக் கீழே இருப்பவர் பிடித்து, ஆள் சுவரில் மோதாமல் விலக்கிவிடுவார். ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்த பையனை இப்படி ஏற்றும்போது விளிம்புக் கல்லில் கயிறு உரசி, மேலுறை பஞ்சு பஞ்சாகிவிட்டது. அன்றிலிருந்து சாக்கை மடித்து விளிம்பில் போடாமல் நான் யாரையும் இறக்கியதில்லை. பழைய கிணறு என்றால் முடிச்சுக்கு முன்னால் காற்றைப் பாருங்கள். விஷவாயுவில் முதல் ஆளைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் போன கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

*

நான் முதலுதவி சொல்லிக்கொடுப்பவன். ஏற்றிய பிறகு என்ன செய்வது? கயிற்றுக் கட்டுக்குள் தொங்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது, சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனில் 2009-இல் வந்த ஆய்வறிக்கை அதற்கு ஆதாரமில்லை, வழக்கம்போலப் படுக்க வைத்தே முதலுதவி செய்யலாம் என்கிறது. நான் பத்து வருடமாகத் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

*

தீயணைப்பு அண்ணா, நீங்கள் சொன்ன நாற்காலி முடிச்சை நேற்று வேப்பமரத்தில் கட்டிப் பார்த்தோம். கண்ணிகளைப் பூட்டும் அரைமுடிச்சை ஒரு பக்கம் போட மறந்துவிட்டேன். சித்தப்பா பையன் உட்கார்ந்ததும் முழங்கால் கண்ணி பெருத்து, அக்குள் கண்ணி சிறுத்து, பொத்தென்று விழுந்தான். ஒரு சாண் உயரம்தான். புழுதியைத் தட்டிவிட்டு, "இன்னொருக்கா கட்டுங்க" என்றான்.