ஒரே கேள்வி மூன்று முறை வந்த கதை

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில் அவனும் நானும் சேர்ந்து ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில், லூவா என்ற நிரல் மொழியில், ஒரு வினாடி வினா விளையாட்டு செய்தோம். மொத்தம் 50 கேள்விகள், எல்லாம் ஒரே டேபிளில், அதாவது நிரலுக்குள் வைக்கும் ஒரு பட்டியலில். 1 முதல் 50 வரை மேத்.ரேண்டம் என்ற கட்டளை குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுக்கும், அந்த எண்ணில் இருக்கும் கேள்வி திரையில் வரும். ஆட்டத்துக்கு 10 கேள்வி.

முதல் நாளே அவன் நண்பர்கள் நாலு பேர் விளையாட வந்தார்கள். 'குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டு எந்த ஊரில் இருக்கிறது?' என்ற கேள்வி ஒரே ஆட்டத்தில் மூன்று முறை வந்தது. மூன்றாவது தடவை, கேள்வி முழுசாகத் தெரிவதற்குள் "உத்திரமேரூர்" என்று நாலு பேரும் கத்திவிட்டார்கள். "மாமா, உங்க ரேண்டம் கெட்டுப்போச்சு" என்றான் பையன்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். எடுத்ததை ஒதுக்கி வைக்காமல் 50-ல் 10 எடுத்தால், ஏதாவது ஒரு கேள்வி திரும்ப வருவதற்கான வாய்ப்பு 100-க்கு 62. மூன்று முறை வருவது அபூர்வம்தான். இரண்டு முறை வருவது சர்வ சாதாரணம். 50 இருக்கிறதே, போதாதா என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். ரேண்டம் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது சீட்டுக் குலுக்கல். குடத்திலிருந்து எடுத்த ஓலையை யாராவது திரும்ப உள்ளே போடுவார்களா?

சரி என்று, வந்த கேள்வியைப் பட்டியலிலிருந்து நீக்கும் டேபிள்.ரிமூவ் போட்டேன். 50 என்று எழுதியிருந்த இடத்தில் # குறியை வைத்து, மிச்சம் இருப்பதை எண்ணச் சொன்னேன். ஐந்து ஆட்டம் அருமையாகப் போனது. ஆறாவது ஆட்டத்தில் 'இன்டர்வல் இஸ் எம்ப்டி' என்று சிவப்பு எழுத்து. கேள்வியே தீர்ந்துவிட்டது! ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் 'மீதி = கேள்விகள்' என்று எழுதி நகல் எடுத்ததாக நம்பிக்கொண்டிருந்தேன். லூவாவில் அப்படி எழுதினால் நகல் வராது, அதே டேபிளுக்கு இன்னொரு பெயர்தான் வரும். மீதியில் நீக்கியதெல்லாம் மூலத்திலும் போயிருந்தது. நிஜமாகவே நகல் எடுக்கும் டேபிள்.க்ளோன் போட்ட பிறகுதான் நின்றது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

*

நான் பைத்தான் மொழிப் பழக்கத்தில் 0-லிருந்து எண்ணினேன். அவ்வப்போது கேள்வியே இல்லாத வெற்றுத் திரை வரும். லூவா 1-லிருந்துதான் எண்ணும் என்று தெரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. அவ்வளவுதான் என் கதை.

*

எனக்கு ஆனது ரேண்டம்சீடில், அதாவது ரேண்டம் எந்த எண்ணை (சீடு) வைத்துத் தொடங்க வேண்டும் என்று சொல்வதில். டியூஷன் பிள்ளைகளுக்காக லூவா 5.3-ல் சின்னதாக ஒன்று எழுதியிருந்தேன். சீடு கொடுக்காததால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே வரிசை. பிள்ளைகள் கேள்வியைப் படிப்பதையே விட்டுவிட்டார்கள். "ஆ, ஈ, அ, அ" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். அப்புறம் அப்போதைய நேரத்தைச் சொல்லும் ஓஎஸ்.டைமை சீடாகக் கொடுத்தேன், ஆனால் கேள்வி எடுக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே, ஒவ்வொரு கேள்விக்கும். அந்த நேரம் முழு நொடியில்தான் வரும். அவசரக்காரன் ஒருவன் ஒரே நொடியில் இரண்டு தட்டு தட்டினால் அதே கேள்வி மறுபடியும். ஸ்கிரிப்ட் தொடங்கும்போது ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும். 5.4-ல் அதுவும் தேவையில்லை, அதுவே பார்த்துக்கொள்கிறது.

*

நீங்கள் எல்லாரும் கேள்வியோடு நின்றுவிட்டீர்கள், என்னைக் கவிழ்த்தது விடைகள். சரியான விடையை இரண்டாவதாக எழுதுவது என் கை பழக்கம் போல. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு 'ஆ'வையே அழுத்தி முதலிடம் வந்தாள். உடனே விடைகளைக் கலைத்துப் போட்டேன். ஆனால் சரியான விடை டேபிளில் '2' என்ற எண்ணாகவே இருந்தது! கலைத்த பிறகு எது இரண்டாவதாக வந்து உட்கார்ந்ததோ அதுதான் சரி. தமிழ்நாட்டின் தலைநகரம் திருச்சி என்று சொன்னவனுக்கு 10 மதிப்பெண். எண்ணுக்குப் பதில் விடையின் எழுத்தையே வைத்து ஒப்பிட்டதும் தீர்ந்தது.

இன்னொன்று. கலைக்கும்போது ஒவ்வோர் இடத்தையும் முழு டேபிளில் ஏதோ ஓர் இடத்தோடு மாற்றாதீர்கள். மூன்று விடை என்றால் அதில் 27 வழி, வரிசைகளோ 6. 27 ஆறால் வகுபடாது, அதனால் சில வரிசை கூடுதலாக வரும். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, அந்த இடத்தையும் அதற்கு முன்னால் இருப்பவற்றையும் மட்டும் சேர்த்துக் குலுக்க வேண்டும். ஃபிஷர்-யேட்ஸ் முறை என்பது இதுதான்.

*

விடை எண் விஷயத்தைப் படித்ததும் எங்கள் டேபிளைத் திறந்து பார்த்தேன். 50-ல் 31 கேள்விக்கு 'இ'. இன்று சாயங்காலமே மாற்றப் போகிறோம். பையன் வேறு ஒரு புது மனு கொடுத்திருக்கிறான்: எல்லாம் ரேண்டமாக வரட்டும், ஆனால் அவன் ஆடும்போது கணக்குக் கேள்வி மட்டும் வரக் கூடாதாம்.