கிளினிக்கில் சேர்கிற பிள்ளைகள் ஏன் தங்குவதில்லை? சம்பளமா, முதல் வாரமா?

அண்ணாநகர் டாக்டர்
மதுரை அண்ணா நகரில் சர்க்கரை நோய் கிளினிக் வைத்திருக்கிறேன். ரிசப்ஷன், லேப், நர்ஸ் எல்லாம் சேர்த்து ஐந்து பேர். சித்திரைத் திருவிழா முடிந்ததிலிருந்து மூன்று பேர் வந்து போய்விட்டார்கள். கடைசியாக வந்த பெண் நாலே நாள்தான். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்கப் பயிற்சி கொடுத்தால் தங்குவார்கள் என்கிறார் ஒரு நண்பர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் கிளம்பிவிடுகிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி எதற்கு? சான்றிதழ் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

திருமங்கலம் மேனேஜர்
டாக்டர் சார், நான் 11 வருடமாக ஒரு நர்சிங் ஹோமில் நிர்வாகம் பார்க்கிறேன். சம்பளம்தான் சார் காரணம், வேறு எதுவும் இல்லை. நாம் ஊசி போடக் கற்றுக்கொடுத்து ஆளாக்கினால் ஆறாவது மாதம் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் ஒரிஜினல் வாங்கி வைக்கிறோம். ஒரு வருடமாவது நிற்கிறார்கள்.

வார்டு அக்கா
16 வருடமாக நர்ஸ். இப்போது புதுப்பிள்ளைகளைப் பழக்குவதுதான் என் வேலை. டாக்டர் சார், ஒரே ஒரு கேள்வி. நாலு நாளில் போன அந்தப் பெண் முதல் நாள் மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள்?

என் முதல் வேலையில் எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. "அந்த அக்கா பக்கத்தில் நில்லு" என்றார்கள். அந்த அக்காவுக்கு ஓபி முடிய மூன்று மணி ஆனது. நான் டிபன் பாக்ஸைப் பையோடு பிடித்துக்கொண்டு ஸ்டோர் ரூம் வாசலில் நின்றேன். எந்தக் கதவைத் திறந்தால் திட்டுவார்களோ என்று பயம். நாலரை மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து திறந்தால் தயிர்ச்சாதம் புளித்துப்போயிருந்தது. மறுநாள் அம்மாதான் பிடித்துத் தள்ளி அனுப்பினார். அப்படித் தள்ளிவிட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளை வரமாட்டாள்.

அண்ணாநகர் டாக்டர்
தெரியவில்லை சிஸ்டர். நான் கவனிக்கவில்லை.

மேலூர்ப் பொண்ணு
ஒரு வாரத்தில் வேலையை விட்டவள் நான். பில்லிங்கில் சேர்த்தார்கள். சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் காட்டிவிட்டுக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக் கூட்டம். ஒருவருக்கு ஸ்கேன் பணம் 350 ரூபாய் விட்டுப்போயிற்று. எல்லா நோயாளிகள் முன்னாலும் திட்டினார்கள், சம்பளத்திலும் பிடித்தார்கள். இப்போது வேறு இடத்தில் அதே சம்பளத்துக்குத்தான் இரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே முதல் பத்து நாள் ஓர் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து நான் போட்ட ஒவ்வொரு பில்லையும் பார்த்தார்.

திருமங்கலம் மேனேஜர்
தங்கச்சி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்தால் டோக்கன் யார் போடுவது? இரண்டு பேர் சம்பளம், ஓர் ஆள் வேலை. முதலாளியிடம் நான் எப்படிப் போய்ச் சொல்வேன்?

கூடல்நகர் லேப்
நம் ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் பழக்குகிறார்கள். அங்கே பாதி வேலைக்கு மேல் அந்தப் பெண்கள் கையில்தான் நடக்கிறது.

திருமங்கலம் மேனேஜர்
அது கடல். அதையும் எங்களையும் ஒப்பிடலாமா?

கூடல்நகர் லேப்
1976-இல் டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தபோது 11 படுக்கைதான் அண்ணே. உங்கள் நர்சிங் ஹோமில் எத்தனை?

வார்டு அக்கா
மேனேஜர் தம்பி சொல்கிற சம்பளக் கணக்கு பொய்யில்லை. ஒன்பதாயிரம் கொடுத்துவிட்டு எவ்வளவு அன்பாகப் பழக்கினாலும் பிள்ளை போகத்தான் செய்வாள், போகவும் வேண்டும். நான் பேசுவது முதல் மாதத்திலேயே ஓடுகிறவர்களைப் பற்றி. அவர்கள் பெரும்பாலும் பயத்தில்தான் போகிறார்கள்.

அந்தப் பயம் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். ஓர் இடத்தில் புதுப்பெண் ஒருத்தி இன்சுலின் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது விரலில் குத்திக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கையுறைக்குள் பஞ்சைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். மூன்றாம் நாள் காலை கை கழுவும்போது தற்செயலாக நான்தான் பார்த்தேன். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். "ஏன்டி சொல்லல?" என்றேன். "யார்ட்ட சொல்லணும்னு தெரியல அக்கா" என்றாள். பத்தொன்பது வயது. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. வேலைக்குச் சேரும்போதே பயிற்சி, அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையாவது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும். ஐந்து பேர் கிளினிக்குக்கும் அதுதான் விதி.

அண்ணாநகர் டாக்டர்
சிஸ்டர், வெட்கமாக இருக்கிறது. என்னிடம் வந்த மூன்று பேருக்கும் ஹெபடைடிஸ் பி போட்டிருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. எந்த நிறப் பையில் எந்தக் கழிவைப் போடுவது என்பதையும் லேப் பெண் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

மேலூர்ப் பொண்ணு
ஒரிஜினல் விஷயத்துக்கும் பதில் சொல்கிறேன். என் தோழிக்கு அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரிஜினலைத் தர ஒன்பது நாள் இழுத்தார்கள். அவளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, இருந்தும் திரும்ப அங்கே போகவில்லை. இப்போது அவள் ஊரிலிருந்து ஒருத்தியும் அங்கே சேர்வதில்லை.

திருமங்கலம் மேனேஜர்
தங்கச்சி சொல்வது உறைக்கிறது. ஆனாலும் பழக்கிய ஆள் போனால் நஷ்டம் எங்களுக்குத்தான், அதை யாரும் பேசுவதில்லை. ஒரிஜினல் பற்றி முதலாளியிடம் பேசிப்பார்க்கிறேன். பத்து நாள் கூடவே ஆள் போடுவது எங்களால் ஆகாது, அதில் என் கருத்து மாறவில்லை.

வார்டு அக்கா
பத்து நாளும் முழுநேரம் வேண்டாம் தம்பி. காலை ஓபி ஒரு மணிக்கு முடியும், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கூட்டம். நடுவில் தினமும் ஒரு மணி நேரம் போதும். ஒருநாள் பில், ஒருநாள் ஃபைல், ஒருநாள் ஊசி கழிவு. முதல் வாரம் ஆறு மணிக் கூட்டத்தில் தனியாக உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

லீவு விஷயத்தையும் சேருகிற அன்றே பேசிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு யாருக்கு லீவு, யாருக்கு டூட்டி என்று முன்கூட்டியே சொன்னால் மனசு ஏற்றுக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரி "வரணும்" என்றால் அழுதுகொண்டு வருவாள், அடுத்த மாதம் வரமாட்டாள்.

அண்ணாநகர் டாக்டர்
திங்கட்கிழமை ஒரு பெண் வருகிறாள், வாடிப்பட்டிப் பக்கம். ஒரிஜினல் வாங்கப்போவதில்லை. ஹெபடைடிஸ் பி முதல் தடுப்பூசியைச் செவ்வாய்க்கிழமை போட ஏற்பாடு செய்துவிட்டேன், அடுத்தது ஒரு மாதம் கழித்து, கடைசி ஆறாவது மாதம். மதியம் எல்லோரும் சாப்பிட லேப் பின்னாலுள்ள அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன்.

வார்டு அக்கா
நல்லது சார். வாடிப்பட்டி என்றால் ராத்திரி எத்தனை மணி பஸ்ஸில் போவாள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கடைசி நோயாளி இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவளை விட்டுவிட வேண்டும்.