ஏற்றியும் ஏறாத பொட்டாசியம்

தேனிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். 62 வயதுக்காரர், குடல் அடைப்புக்கு அறுவை முடிந்து இன்று நான்காம் நாள். மூக்குக்குழாயில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பச்சை நிற நீர் வந்துகொண்டே இருக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, காற்றுப் பிரியவில்லை. "கால் என்னுடையது மாதிரியே இல்லை, சிஸ்டர்" என்கிறார். இசிஜியில், அதாவது இதயத் துடிப்பின் வரைபடத்தில், டி அலை தட்டை.

ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து 2.8 இருந்தது. டாக்டர் எழுதியபடி இரண்டு நாளாக டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றியும் இன்று காலை 2.9தான். ரத்தத்தை மறுபடி எடுத்து அனுப்பினேன், அதே எண். வரவு செலவுக் கணக்கை இருமுறை கூட்டினேன், பிசகில்லை. சிறுநீர் மணிக்கு 40 மில்லி. மெக்னீசியம் மட்டும் பார்க்கவில்லை. அதற்கு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டும்.

மாலை ரவுண்டில் டாக்டரிடம் மெக்னீசியம் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டுமா, அதற்கு முன் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?