எலக்ட்ரிக் வண்டியின் 48 வோல்ட் பேட்டரி பேக்: மேடு ஏறும்போது மட்டும் லோ வோல்டேஜ் எரர்

கேள்வி: 13எஸ் (13 செல் குரூப்கள் தொடராக இணைத்த) லித்தியம் அயான் பேக், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் 20 ஆம்பியர் கன்ட்ரோலர். முழு சார்ஜில் 54.4 வோல்ட், பிரச்சனை இல்லை. 47-க்கு இறங்கியதும் மேட்டில் த்ராட்டில் திருகினால் எரர், மோட்டார் நின்றுவிடுகிறது. டிஸ்ப்ளே அணையவில்லை. கன்ட்ரோலர் போச்சா?

பதில் 1: டிஸ்ப்ளே எரிகிறது என்றால் மின்சாரத்தை வெட்டுவது பிஎம்எஸ் (பேக்குக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) இல்லை, கன்ட்ரோலர்தான். அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது. வண்டி நிற்கும்போது அளந்து பயனில்லை. கன்ட்ரோலரின் தடித்த சிவப்பு, கறுப்பு வயர்களில் மீட்டரை மாட்டி, லோடில், அதாவது மோட்டார் இழுக்கும்போது பாருங்கள். 42-க்குக் கீழே விழுந்தால் கன்ட்ரோலரை மாற்றி ஒரு புண்ணியமும் இல்லை.

பதில் 2: பேக்கைப் பிரிக்கும் முன், பேக்கையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் கனெக்டரைப் பாருங்கள். ஒரே வயரில் கனெக்டருக்கு இந்தப் பக்கம் ஒரு ப்ரோப், அந்தப் பக்கம் ஒன்று. 20 ஆம்பியரில் அரை வோல்ட் விழுந்தாலே 10 வாட் சூடு அங்கே போகிறது. கனெக்டரின் பின்கள் கறுத்து, பிளாஸ்டிக் இளகியிருக்கும். பின்னைச் சுரண்டாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

கேட்டவர்: கனெக்டரில் 0.05 வோல்ட்தான். கன்ட்ரோலரில் 47-லிருந்து 41.

பதில் 2: அப்போ பேக்தான். பேலன்ஸ் வயரில் (ஒவ்வொரு குரூப்பிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்) 13 குரூப்பையும் லோடில் அளங்கள். ப்ரோப் நழுவி இரண்டு பின் ஷார்ட் ஆகிவிடக் கூடாது. ஒன்று மட்டும் 2.5 வோல்ட்டுக்கு விழுந்தால் கோளாறு அந்தக் குரூப்பில். எல்லாமே ஒன்றுபோல இறங்கினால் செல்களுக்கு வயதாகிவிட்டது.

பதில் 3: கட்-ஆஃபை (கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தும் வோல்டேஜ் அளவை) குறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலவீனமான குரூப் முதலில் செத்துப்போகும்.